சுகர் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மருந்துக் கடையில் "சுகர் மெஷின் ஒண்ணு வேணும்" என்று கேட்டால் நாலு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். திரை பெரிசு, 500 ரீடிங் ஞாபகம் வைக்கும், போனோடு இணையும், 10 ஸ்ட்ரிப் இலவசம் என்று பேச்செல்லாம் மெஷினைப் பற்றியே இருக்கும். உங்கள் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைச் சரியாகச் சொல்லுமா என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. ரசாயன வேலை முழுக்க, ரத்தச் சொட்டை வைக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டில் நடக்கிறது. மெஷின் அதன் முடிவை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த மதிப்புரையில் மெஷினைவிட ஸ்ட்ரிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

காசுக் கணக்கும் அதையே சொல்கிறது. பிராண்டைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரிப் சுமார் 10 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கும் ஒருவருக்கு மாதம் 60 ஸ்ட்ரிப். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,200, வருஷம் 14,400 ரூபாய். மெஷினின் விலை இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. 300 ரூபாய் தள்ளுபடியைப் பார்த்து மெஷினை எடுத்துவிட்டு, ஸ்ட்ரிப்புக்குக் காலமெல்லாம் கூடுதலாகக் கட்டுபவர்கள்தான் அதிகம்.

கம்பெனிகளும் இந்தக் கணக்கை வைத்தே தொழில் செய்கின்றன. ஒன்டச் மெஷின்களைத் தயாரிக்கும் லைஃப்ஸ்கேன் அமெரிக்காவில் தன் மெஷின்களில் சுமார் 60 சதவீதத்தை இலவசமாகவே கொடுத்துவந்தது. அந்த மெஷினில் போடக்கூடிய ஸ்ட்ரிப்பை இன்னொரு கம்பெனி குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியதும், காப்புரிமை மீறல் என்று வழக்குப் போட்டது. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அதை ஏற்கவில்லை. மெஷினை நீங்களே கொடுத்துவிட்ட பிறகு, அதில் எந்த ஸ்ட்ரிப்பைப் போட வேண்டும் என்று காப்புரிமையை வைத்துக் கட்டுப்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மலிவு ஸ்ட்ரிப் தப்பான ரீடிங் காட்டலாம், பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014 ஏப்ரலில் எச்சரித்தது. வழக்கில் ஜெயித்ததால் ஸ்ட்ரிப் சரியாகிவிடாது. அதேபோல, பெட்டியில் "காப்புரிமை பெற்ற தொழில்நுட்பம்" என்று போட்டிருப்பதாலும் ரீடிங் சரி என்று ஆகிவிடாது. காப்புரிமை அலுவலகம் பார்ப்பது, இது புதிதா, ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து ஒரு படி மேலே போயிருக்கிறதா, தொழிலுக்குப் பயன்படுமா என்பதைத்தான். துல்லியத்தைப் பரிசோதிப்பது அதன் வேலை இல்லை.

துல்லியத்துக்குப் பார்க்க வேண்டிய எண் வேறு: ஐஎஸ்ஓ 15197:2013 என்ற சர்வதேசத் தர விதி. ஸ்ட்ரிப்போடு வரும் மடித்த காகிதத்தில் அது இருக்கும். லேப் அளவு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மெஷின் கூடக்குறைய 15 மில்லிகிராமுக்குள்ளும், 100 அல்லது அதற்கு மேல் என்றால் 15 சதவீதத்துக்குள்ளும் காட்ட வேண்டும். 100 ரீடிங்கில் 95 ரீடிங்காவது இந்த வரம்புக்குள் வர வேண்டும். கணக்காகப் பார்த்தால், லேபில் 140 என்றால் மெஷின் 119 முதல் 161 வரை எதைக் காட்டினாலும் பாஸ். லேபில் 80 என்றால் 65 முதல் 95 வரை. ஒரே விரலில் அடுத்தடுத்துக் குத்தி 132, 148 என்று வந்தால் "மெஷின் கெட்டுப்போச்சு" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அந்த 16 புள்ளி வித்தியாசத்துக்காக மாத்திரையை மாற்றவும் கூடாது.

ஸ்ட்ரிப்புக்குள் என்ன நடக்கிறது

1965இல் ஏம்ஸ் கம்பெனி விற்ற டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற ஆரம்பகால ஸ்ட்ரிப்பில் ஒரு பெரிய சொட்டு ரத்தத்தை வைத்து, சரியாக 60 வினாடி காத்திருந்து, தண்ணீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வந்தது. அந்த நிறத்தை ஒளியால் அளக்கும் கருவியை அதே கம்பெனியின் ஆன்டன் கிளெமன்ஸ் உருவாக்கினார். அதற்கு 1971இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஏறத்தாழ 500 டாலர் விலை, மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. சர்க்கரை நோயாளியான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், மருத்துவரான தன் மனைவியின் பெயரில்தான் ஒன்றை வாங்க முடிந்தது. பிற்பாடு அவரே மருத்துவம் படித்து டாக்டரானார்.

இன்று நம் கையில் இருக்கும் ஸ்ட்ரிப்புகளில் பெரும்பாலானவை இன்னொரு வழியில் வந்தவை. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962இல் மின்முனையின்மேல் என்சைமை (ரசாயன வினையைத் தூண்டும் புரதம்) வைத்துச் சர்க்கரையை மின்னோட்டமாக அளக்கும் யோசனையை வெளியிட்டார். 1970இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1987இல் மெடிசென்ஸ் கம்பெனி அந்த யோசனையைப் பேனா அளவுக்குச் சுருக்கி எக்ஸாக்டெக் என்று விற்றது. அடிப்படைக் காப்புரிமைகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று இத்தனை கம்பெனிகள் மலிவாக ஸ்ட்ரிப் போட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது போட்டி, ரத்தத்தின் அளவைக் குறைப்பது, பிழையைக் கண்டுபிடிப்பது, ரத்தச்சோகையின் பாதிப்பைத் திருத்துவது போன்ற மேல்வேலைகளில்தான்.

ஒரு ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெஷினுக்குள் போகும் முனையில் மெல்லிய உலோக அல்லது கரிக் கோடுகள் தெரியும். அவை மின்முனைகள். மறுமுனையில் மயிரிழை அளவில் ஒரு சந்து. ரத்தம் தொட்டதும் தானாக உள்ளே இழுக்கப்படுவது அங்கேதான். சந்துக்குள் என்சைமும், எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் ஒரு ரசாயனமும் காய்ந்த நிலையில் தடவப்பட்டிருக்கும். ரத்தம் நிறைந்ததும் என்சைம் குளுக்கோஸோடு வினை புரிந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது, சுமக்கும் ரசாயனம் அதை மின்முனைக்குக் கொண்டுபோகிறது, மெஷின் அரை வோல்ட் அளவில் அழுத்தம் கொடுத்து ஓடும் மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை அளக்கிறது. திரையில் ஓடும் 5, 4, 3, 2, 1 இதற்கான நேரம்தான். சில ஸ்ட்ரிப்புகளில் அளக்கும் மின்முனை இரண்டு இருக்கும். இரண்டிலும் வரும் மின்னோட்டம் ஒத்துப்போகாவிட்டால் சந்து முழுசாக நிறையவில்லை என்று பொருள், மெஷின் எரர் காட்டும். அந்த எரர் வந்தால் ஒரு ஸ்ட்ரிப் வீணாகிவிட்டதே என்று நொந்துகொள்ள வேண்டாம். அரைச் சொட்டு ரத்தத்துக்குப் பொய்யான எண்ணைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த என்சைம் என்று கேளுங்கள்

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. காகிதத்தில் மட்டும் பதில் இருக்கும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்று போட்டிருந்தால் அது குளுக்கோஸை மட்டுமே நன்றாக அடையாளம் காணும். அதன் பலவீனம் ஆக்சிஜன். ரத்தத்தில் ஆக்சிஜன் மிக அதிகமாக இருந்தால், எலக்ட்ரானைச் சுமக்கும் ரசாயனத்தோடு அது போட்டி போட்டு ரீடிங்கைக் குறைத்துவிடும். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் நுரையீரல் நோயாளிக்கு இந்த வகை ஏற்றதல்ல. மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் என்று போட்டிருந்தால் ஆக்சிஜன் தொந்தரவு இல்லை. ஆனால் அதில் பிக்யூக்யூ, எஃப்ஏடி என்று உட்பிரிவுகள் உண்டு. பழைய பிக்யூக்யூ வகை, மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணிக்கொண்டது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கொடுக்கும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் உடலில் மால்டோஸாக உடையும். மெஷின் 250 என்று காட்ட, உண்மையில் சர்க்கரை தாழ்ந்துகொண்டிருக்க, இன்சுலின் ஏற்றப்பட்டு உயிரே போயிருக்கிறது. 1997 முதல் 2009 வரை இப்படி 13 மரணங்கள் தனக்கு அறிவிக்கப்பட்டதாக எஃப்டிஏ 2009இல் எச்சரிக்கை வெளியிட்டது. இப்போது வரும் எஃப்ஏடி வகையில் மால்டோஸ் சிக்கல் இல்லை. வீட்டில் வயிற்று வழி டயாலிசிஸ் நோயாளி இருந்தால், எந்த ஸ்ட்ரிப் என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமானது ரத்தச்சோகை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை ஹீமட்டோக்ரிட் என்கிறோம். சிவப்பணு குறைந்தால் சந்துக்குள் பிளாஸ்மாவின் பங்கு கூடும், குளுக்கோஸ் தடையில்லாமல் மின்முனையை அடையும், ரீடிங் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். தாழ்சர்க்கரை ஒளிந்துகொள்ளும் ஆபத்து இங்கேதான். தோராயக் கணக்கு எளிது: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்குங்கள். 9 கிராம் என்றால் ஹீமட்டோக்ரிட் சுமார் 27. காகிதத்தில் ஸ்ட்ரிப் தாங்கும் வரம்பு போட்டிருக்கும். ஒன்டச் செலக்ட் பிளஸுக்கு அது 30 முதல் 55 சதவீதம். கான்டூர் பிளஸுக்கு 0 முதல் 70. முதல் வரம்பில் 27 அடங்காது. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருக்கும் கர்ப்பிணிக்கோ, டயாலிசிஸ் நோயாளிக்கோ அகன்ற வரம்புள்ள ஸ்ட்ரிப்தான் சரி. இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவு இல்லை. ஹீமோகுளோபின் 13 இருப்பவர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் கிடைப்பவற்றில்

அக்யூ-செக் ஆக்டிவ் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. மின்னோட்டத்தால் அளக்காமல் நிறத்தை ஒளியால் அளக்கும் பழைய வழியைச் சேர்ந்தது. 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் கேட்கும், மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு. ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்து ரத்தம் வைத்து மீண்டும் செருகலாம் என்பது வசதி. இதில் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் ஒரு வட்ட ஜன்னல் இருக்கும். அது மாறும் நீலத்தை டப்பாவின்மேல் அச்சிட்ட வண்ணப் புள்ளிகளோடு ஒப்பிட்டால், மெஷின் சொன்ன எண் ஏறக்குறைய சரியா என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். பயன்படுத்தாத ஸ்ட்ரிப்பின் ஜன்னலிலேயே நிறம் மாறியிருந்தால் அந்த ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது. மின்னோட்ட வகை ஸ்ட்ரிப் எதுவும் இப்படித் தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்காது. குறை, அளக்கும் கண்ணாடியில் ரத்தம் படிந்தால் எரர் மேல் எரர் வரும். ஈரம் லேசாகத் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

அக்யூ-செக் இன்ஸ்டன்ட் மின்னோட்ட வகை. 0.6 மைக்ரோலிட்டர் போதும். ஸ்ட்ரிப்பின் ஓரம் அகலமாக இருப்பதால் கை நடுங்கும் பெரியவர்களும் சொட்டைத் தொடவைக்க முடியும். பயன்படுத்திய ஸ்ட்ரிப்பைத் தொடாமல் தள்ளிவிடப் பொத்தான் உண்டு. வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ பிள்ளைகள் வாங்கிக்கொடுப்பதென்றால் நம் முதல் சிபாரிசு இது.

கான்டூர் பிளஸின் பலம், முதலில் வைத்த ரத்தம் போதாவிட்டால் 30 வினாடிக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு சேர்க்கலாம் என்பது. ரத்தம் எளிதில் வராதவர்களுக்கு மாதத்துக்கு நாலைந்து ஸ்ட்ரிப் மிச்சம். இந்த கான்டூரின் பூர்வீகம் மேலே சொன்ன அதே ஏம்ஸ்தான். ஏம்ஸின் தாய்க் கம்பெனியான மைல்ஸை பேயர் வாங்கியது, பேயரிடமிருந்து 2016இல் பிரிந்து அசென்சியா ஆனது. சின்ன ஊர்களில் இதன் ஸ்ட்ரிப் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் தொல்லை. வாங்குமுன் உங்கள் தெருக் கடையில் கேட்டுவிடுங்கள்.

ஒன்டச் செலக்ட் பிளஸ், எண்ணோடு நீலம், பச்சை, சிவப்பு என்று தாழ்வு, சரி, அதிகம் காட்டும். எண்ணைப் படித்துப் பொருள் புரியாதவர்களுக்கு உதவும். ஆனால் அந்த எல்லைகளை உங்கள் மருத்துவர் சொன்னபடி மாற்றி வைக்காவிட்டால் வண்ணத்துக்குப் பொருளே இல்லை. டாக்டர் மோர்பென் பிஜி-03 போன்ற விலை குறைந்த மெஷின்களின் ஸ்ட்ரிப் ஏறத்தாழ பாதி விலைக்கு வருகிறது. ரத்தச்சோகையோ சிறுநீரகக் கோளாறோ இல்லாத, இன்சுலின் போடாத, மாத்திரையில் இருக்கும் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாலு முறை பார்க்க இது தாராளமாகப் போதும். விலை உயர்ந்த ஸ்ட்ரிப்பை வாங்கிவிட்டுக் காசுக்குப் பயந்து பார்க்காமலே இருப்பதைவிட இது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஸ்ட்ரிப் ஒன்றில்லை. ஒன்டச் செலக்ட் ஸ்ட்ரிப் செலக்ட் பிளஸ் மெஷினுக்கு ஆகாது. கான்டூர் டிஎஸ் வேறு, கான்டூர் பிளஸ் வேறு. அக்யூ-செக் ஆக்டிவ், இன்ஸ்டன்ட், பெர்ஃபார்மா எல்லாம் தனித்தனி. காலி டப்பாவையே கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். சீல் உடைத்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

ஆன்லைனில் வாங்கினால் வந்ததும் நாலு விஷயம் பாருங்கள்: சீல், காலாவதித் தேதி, பெட்டியிலும் டப்பாவிலும் ஒரே லாட் எண், ரூபாயில் அச்சிட்ட விலையோடு இந்திய உரிம எண். வெளிநாட்டுச் சந்தைக்கான டப்பா சுற்றிவளைத்து இங்கே வந்தால் மேலே ஒட்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். மலேசியா, சிங்கப்பூர், லண்டனிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மெஷினில் எண்ணே வேறு அலகில் வரும். அங்கே மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு. 6.2 என்றால் 112. பல மெஷின்களில் இந்த அலகை மாற்ற முடியாது, ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்காமல் போகலாம். அன்பளிப்பாக வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம்பி இருக்க வேண்டாம்.

தப்பான ரீடிங் எங்கிருந்து வருகிறது

முதல் குற்றவாளி விரல். மாம்பழம் நறுக்கிய கையில் தொட்டால் தெரியாத அளவுக்குப் பழச்சாறு ஒட்டியிருந்தாலும், அரை மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது கலந்தால் 110 இருக்கும் ஆளுக்கு 200, 250 என்று காட்டும். வெல்லம், ஜிலேபிப் பாகு, பலாச்சுளை எல்லாம் இதே கதை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்பது தப்பு. ஸ்பிரிட் கிருமிக்கு, சர்க்கரையைக் கரைத்து அகற்றுவது தண்ணீர். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துக் குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அப்படியே. கழுவ வழியில்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள்.

குத்தும் இடம் விரல்நுனியின் பக்கவாட்டு. நடுவில் நரம்பு முனைகள் அதிகம், வலிக்கும். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று மாற்றி மாற்றிக் குத்துங்கள். லான்செட் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலிசு: 28 கேஜைவிட 33 கேஜ் மெல்லியது, வலி குறைவு, ஆனால் தடித்த தோலில் ரத்தம் வராது. வயல் வேலை, கட்டட வேலை செய்யும் கைக்கு 28 கேஜை வைத்து, ஊசியைக் குத்தும் பேனாவின் ஆழத்தைக் கூட்டுவதுதான் பலிக்கும். ரத்தம் வராவிட்டால் கையை வெந்நீரில் நனைத்துத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவுங்கள். நுனியைப் பிசைந்து பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். குத்தும் பேனாவை வீட்டில் இருவர் பகிரவே கூடாது, ஊசியை மாற்றினாலும். மஞ்சள்காமாலை பி வைரஸ் பரவ அந்தப் பேனாவின் மூடியில் படிந்த ரத்தம் போதும். இலவச முகாமில் ஒரே பேனாவோடு வரிசையாக வருகிறார்கள் என்றால் கையை நீட்டாதீர்கள்.

இரண்டாவது குற்றவாளி டப்பா. மூடியின் உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்த கணமே மூட வேண்டும். டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு விரல் குத்தும் பழக்கம் சென்னை மாதிரிக் கடலோர ஈரத்தில் மீதி 40 ஸ்ட்ரிப்பையும் கெடுத்துவிடும். நாலு ஸ்ட்ரிப்பை எடுத்துத் தாளில் மடித்துப் பர்ஸில் வைப்பதும் அதே ரகம். வெப்பமும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான டப்பாக்களில் மேல் வரம்பு 30 டிகிரி. சித்திரை வெயிலில் நம் அறைகள் அதைத் தாண்டுகின்றன. ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே நீர் படியும். வீட்டில் வெயில் படாத சுவரோரத்து அலமாரியின் கீழ்த்தட்டு போதும். ஃபிரிட்ஜ் தலை, டிவி மேல், அடுப்பு மேல் அலமாரி, வண்டி டிக்கி ஆகாது. குறைவாகப் பார்ப்பவர் 50 டப்பாவுக்குப் பதில் 25 வாங்குவது நல்லது. திறந்த பிறகு சில பிராண்டுகள் 3 மாதம், சில 6 மாதம், சில காலாவதித் தேதி வரை என்று சொல்கின்றன. திறந்த தேதியைப் பேனாவால் டப்பாமேல் எழுதிவிடுங்கள்.

பழைய மெஷின்களில் டப்பாவின் கோட் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும், அல்லது டப்பாவோடு வரும் சிப்பை மாற்ற வேண்டும். புதிய டப்பாவுக்குப் பழைய சிப்பிலேயே ஓட்டுவது அடிக்கடி நடக்கிறது. இன்று கோட் இல்லாத மெஷினைத்தான் வாங்க வேண்டும். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் சொல்யூஷன் என்ற திரவத்தை ரத்தத்துக்குப் பதிலாக வைத்துப் பார்க்கலாம். வரும் எண் டப்பாமேல் அச்சிட்ட வரம்புக்குள் இருந்தால் மெஷினும் ஸ்ட்ரிப்பும் சரி. மருந்துக் கடைகளில் இது லேசில் கிடைப்பதில்லை, கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்க வேண்டியிருக்கும்.

லேபோடு ஒப்பிடும்போது

"லேபில் ஒண்ணு, வீட்டில் ஒண்ணு காட்டுது" என்ற புகாரில் பாதி, ஒப்பிட்ட முறையின் தவறு. வெறும் வயிற்றில் மட்டும் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பின் விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு (சிரை) ரத்தத்தைவிட இயல்பாகவே அதிகம், 20, 30 மில்லிகிராம் வித்தியாசம்கூட வரும். மெஷினை லேபுக்கே எடுத்துப்போங்கள். நரம்பில் ரத்தம் எடுத்த பத்து நிமிஷத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சிரிஞ்சில் மிச்சமிருக்கும் ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைக்காதீர்கள்.

அப்போதும் லேப் எண்ணே வேதவாக்கு என்று கொள்ள முடியாது. குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடிருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடு இதைத் தடுக்கத்தான், ஆனால் அது முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போய், ஊரெல்லாம் சுற்றிப் பத்து மணிக்கு மேல் லேபில் சேர்க்கும் சேவைகளில் 118 என்பது 110 ஆகிவிடுவதில் ஆச்சரியமில்லை. எடுத்த நேரமும் பரிசோதித்த நேரமும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 15 சதவீதத்துக்குள் வந்தால் மெஷினை நம்பலாம். மூன்று தனித்தனி நாளில் ஒரே பக்கமாக 15 சதவீதத்தைத் தாண்டினால், புது டப்பா ஸ்ட்ரிப்போடு ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

மெஷின் எண்ணுக்குப் பதில் "ஹை" என்று காட்டினால் பெரும்பாலான மெஷின்களில் 600க்கு மேல் என்று பொருள். கையைக் கழுவி இன்னொரு முறை பார்த்தும் அதே வந்தால் நேராக ஆஸ்பத்திரி. வாந்தி பேதியில் உடல் வறண்டு கைகால் சில்லிட்டிருப்பவருக்கு விரல்நுனி ரீடிங்கை நம்பவே கூடாது, அங்கே ரத்த ஓட்டம் குறைந்து எண் தாழ்ந்து காட்டும்.

ஒட்டும் சென்சாரும் கைக்கடிகாரமும்

கையில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகைச் சென்சார் சுமார் இரண்டு வாரம் தாங்கும், ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் ரூபாய். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடித் திசுநீரை. அதனால் ரத்தத்தைவிட சில நிமிஷம் பின்தங்கும். இட்லி சாப்பிட்டு அரைமணியில் சென்சாரும் விரலும் ஒத்துப்போகாதது கோளாறு இல்லை. அந்தப் பக்கமாகப் படுத்து அழுத்தினால் நள்ளிரவில் பொய்யான தாழ்சர்க்கரை அலாரம் அடிக்கும். நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை விழுங்கினால் ரீடிங் ஏறும். இன்சுலின் போடுபவர்களுக்குப் பெரிய உதவி. மாத்திரையில் கட்டுப்பாட்டோடு இருப்பவர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒட்டி, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்சும் மோதிரமும் 1,500 ரூபாய்க்கு ஆன்லைனில் குவிந்துகிடக்கின்றன. காப்புரிமை எண் போட்டே சிலர் விற்கிறார்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகவே சொன்னது. வாங்காதீர்கள். இன்சுலின் போடுபவர் அதை நம்பி மருந்தளவைத் தீர்மானித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் குப்பை. பயன்படுத்திய லான்செட்டைக் கவரில் போட்டுத் தெருத் தொட்டியில் எறிந்தால் துப்புரவுப் பணியாளர் கையில்தான் ஏறும். கெட்டியான பினாயில் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, ரத்தம் எடுக்கும் லேபிலோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்தால் அவர்களின் மருத்துவக் கழிவோடு போகும். பல இடங்களில் கேட்டால் வாங்கிக்கொள்கிறார்கள்.